மருந்து ஆய்வில் சேரும் முன்: வெளியூர் நோயாளி பார்க்க வேண்டியவை

தன் நோய்க்கு எங்கே மருந்து ஆய்வு (மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது) நடக்கிறது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எல்லாம் ஆங்கிலம் என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள நோயின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள்.

வரும் நீண்ட பட்டியலில் பாதியை எளிதாகக் கழித்துவிடலாம். 'முதுநிலைப் பட்ட ஆய்வேடு' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றிருந்தால், அது மாணவர் படிப்புக்காகச் செய்வது; அதில் புது மருந்து இருப்பது அரிது. ஆள் சேர்க்கும் நிலை இந்தியாவுக்கும் உலகத்துக்கும் தனித்தனியாக இருக்கும். இந்திய வரியைப் பாருங்கள். அதுவும் பழைய தகவலாக இருக்கலாம். போன் செய்து கேட்பதே உறுதி.

அடுத்தது, ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியல். சிற்றூர் மருத்துவமனைகளை அதில் காண்பது கடினம். காரணம் உண்டு. ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆய்வு தொடங்க முடியாது. சொந்தக் குழு இல்லாத மருத்துவமனை அதே ஊரிலோ 50 கிலோமீட்டருக்குள்ளோ உள்ள குழுவைத்தான் நாடலாம். பயிற்சி பெற்ற ஆட்களும் மாதிரிகளைச் சேமிக்கும் குளிர்பெட்டிகளும் வேறு வேண்டும்.

ஆகவே ராமநாதபுரத்துக்காரர் சென்னையில் ஒரு ஆய்வில் சேர நினைத்தால், மருந்துக்கு முன் பயணத்தைக் கணக்கிட வேண்டும். மொத்தம் எத்தனை தடவை வர வேண்டும்? வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களா? எடுப்பார்கள் என்றால் முந்தின இரவே போய்த் தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் பஸ் கட்டணம் உண்டா? ரத்தப் பரிசோதனையை உள்ளூர் லேபில் செய்யலாமா? பெரும்பாலும் முடியாது என்பார்கள். பணம் தருவதாகச் சொன்னால், அந்தத் தொகை, சேரச் சம்மதித்துக் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சை நம்பி வந்தவர்கள் மூன்றாவது பயணத்தோடு நின்றுவிடுவது வழக்கமான கதை.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். ஒரு பிரதி உங்களுடையது. படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன மருந்து ஆய்வுகளுக்கான 2019 அரசு விதிகள்.

சேர்ந்த பிறகு, ஆய்வுக் குழுவின் போன் எண் உள்ள ஆய்வு அட்டையைப் பர்ஸிலேயே வையுங்கள். நள்ளிரவில் மூச்சுத்திணறினால் ஓடப்போவது உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத்தான்; அங்குள்ள டாக்டருக்கு நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது. அட்டையிலுள்ள எண்ணுக்கு அப்போதே பேசச் சொல்லுங்கள். கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அடுத்த விசிட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், இழப்பீட்டு விசாரணையில் அந்தத் தாமதமே உங்களுக்குச் சிக்கலாகலாம்.