அரை ஆயுட்காலக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 5.27 ஆண்டு. அப்படியானால் பத்தரை ஆண்டில் முழுக்கத் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அறிவியல் படித்தவர்களிலும் உண்டு. தீராது. முதல் 5.27 ஆண்டில் பாதி குறையும், அடுத்த 5.27 ஆண்டில் மிச்சத்தில் பாதி குறையும். பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால்தான் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

சரி, அந்தப் பங்கு எதில் ஒரு பங்கு? இதைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைப் பாருங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் சும்மா கிடந்த, கோபால்ட்-60 வைத்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி, ஏலத்தில் பழைய சாமானாகக் காயலான் கடைக்குப் போனது. வாங்கி ஏறத்தாழ 40 ஆண்டு ஆகியிருந்தது, அதாவது ஏழு அரை ஆயுட்காலத்துக்கும் மேல். கோபால்ட் சுமார் 190-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். ஆனால் தொடக்கத்தில் இருந்ததோ ஆயிரக்கணக்கான கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). கருவியைப் பிரித்துப் போட்டபோது, மிஞ்சியதே ஒருவர் உயிரைப் பறித்தது. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பழசு என்றாலும் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

அரை ஆயுட்காலம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பதும் தப்பு. அணுக்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால், ஆயுள் குறைந்ததுதான் நொடிக்கு அதிகமாகச் சிதையும். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்-க்கு 6 மணி நேரம்தான். காலை 8 மணிக்கு அளந்து சீட்டில் எழுதிய அளவை மதியம் 2 மணிக்கும் அப்படியே எடுத்துக்கொண்டால், நோயாளிக்குப் போவது பாதி மருந்துதான். நேரத்தையும் சேர்த்து எழுதுவது அதற்காகத்தான்.

உடலுக்குள் போய்விட்டால் கணக்கே வேறு. சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு என்றாலும், பெரியவர்களின் உடல் அதில் பாதியைச் சுமார் 110 நாளில் வெளியேற்றிவிடும். சீசியத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும் பிரஷ்யன் நீலம் என்ற மருந்தைக் கொடுத்தால் அது ஏறக்குறைய 30 நாளாகச் சுருங்கும். பிரேசிலின் கோயானியாவில் 1987-இல், சீசியம்-137 இருந்த, கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அயோடின்-131-க்கு 8 நாள்; ஆனால் தைராய்டு சிகிச்சை பெற்றவரின் உடலிலிருந்து பெரும்பகுதி முதல் சில நாளிலேயே சிறுநீரில் போய்விடும். ஆகவே "எட்டு நாள் ஆகட்டும்" என்று காத்திருந்து அப்புறம் கவனமாக இருப்பதில் பயனில்லை. அந்த முதல் சில நாட்களில்தான் கழிவறையைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் இருமுறை தண்ணீர் விட வேண்டும்.