டிரெய்லர் டயர் வெடிச்சா, புது டயர் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கரும்பு வெட்டு நடக்கற மாசத்துல என் டயர் கடைக்கு வர்ற டிராக்டர்காரங்க பாதிப் பேரு சொல்றது இதுதான்: "அண்ணா, டிரெய்லர் டயர் வெடிச்சுடுச்சு. லோடு ரோட்டுலயே நிக்குது. அதே சைஸ்ல ஒண்ணு குடுங்க." பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குப் போற வண்டிக்கு நேரம்தான் காசு, அது எனக்கும் தெரியும். ஆனா அதே சைஸ் டயரை மாட்டிட்டுப் போன வண்டி, அதே சீசன்ல திரும்ப வந்து நிக்கறதையும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அதனால வெடிச்ச டயரையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்வேன். எதனால வெடிச்சதுன்னு தெரியாம புது டயரைப் போட்டா, அதுவும் அதே காரணத்தால போயிடும்.

டயரைக் கழட்டினதும் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்க. கையில கருப்புப் பொடி ஒட்டுதா? பக்கச் சுவரு வட்டமா சுத்திக் கிழிஞ்சிருக்கா? அப்படின்னா காத்து கம்மியா ஓடியிருக்கு, இல்ல அந்தக் காத்துக்கு லோடு அதிகம். காத்து கம்மியானா சுவரு ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி மடங்கி நிமிரும். அதுலயே சூடு ஏறி, ரப்பர் வேற நைலான் நூல் வேறன்னு பிரிஞ்சுடும். எங்க ஊர்ப் பக்கம் வெடிக்கற டிரெய்லர் டயர்ல நான் அதிகமா பாக்கறது இதைத்தான். பக்கச் சுவர்ல ஒரே ஒரு இடம் பெருக்கல் குறி மாதிரி பிளந்திருந்தா கல்லோ பள்ளமோ அடிச்சிருக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரி ரோட்டுல ஓடற வண்டிக்கு இது சகஜம். ரோட்டுல படற பட்டன் ஒரு ஓரமா மட்டும் தேஞ்சிருந்தா ஆக்சில் வளைஞ்சிருக்கும், இல்ல பேரிங் ஆடும். அதைச் சரி பண்ணாம எந்தக் கம்பெனி டயர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது எடை. இதைத்தான் யாரும் கணக்குப் போடறதில்ல, ஆனா டயரைத் தேர்ந்தெடுக்கறதே இதை வச்சுதான். ஆலையில குடுக்கற எடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. பாலக்கோடா இருந்தாலும் கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா ஆலையா இருந்தாலும், கரும்போட எடை அந்தச் சீட்டுல இருக்கும். காலி டிரெய்லரோட எடை ஆர்.சி. புத்தகத்துல இருக்கும். ரெண்டையும் கூட்டிக்கங்க. நாலு சக்கர டிரெய்லர்ல 8 டன் கரும்பு, டிரெய்லர் 2 டன்னுன்னு வைங்க. மொத்தம் 10,000 கிலோ. சக்கரத்துக்கு 2,500 கிலோ வருது.

ஆனா கரும்பு நாலு சக்கரத்துக்கும் சமமா ஏறாது. பின்பக்கம் தூக்கிக் கட்டியிருப்பாங்க. ரோடும் ஓரத்துப் பக்கமா சரிஞ்சிருக்கும், அதனால இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இறங்கும். வழியில எடை மேடை இருந்தா முன் ஆக்சிலைத் தனியா, பின் ஆக்சிலைத் தனியா ஏத்திப் பாருங்க. ரெண்டு சக்கர டிரெய்லருக்கு டிராக்டரோட மாட்டின நிலையிலயே சக்கரத்தை மட்டும் மேடையில நிறுத்தணும், ஏன்னா கொஞ்சம் பாரம் கொக்கி வழியா டிராக்டர் மேல இறங்குது. வர்ற கணக்கை விட சக்கரத்துக்கு நூத்துக்குப் பத்துப் பதினைஞ்சாவது கூடத் தாங்கற டயரா எடுங்க. ஆர்.சி.யில போட்டிருக்கற மொத்த எடைக்கு மேல ஏத்திட்டு அதுக்கும் டயர் கேட்டா நான் தர மாட்டேன். டயர் தாங்கினாலும் ஆக்சிலும் பிரேக்கும் தாங்காது.

இந்தக் கணக்கை டயர்ல எங்க பாக்கறது? சைஸுக்குப் பக்கத்துல ஒரு நம்பரும் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த நம்பர்தான் தாங்கற எடைக்கான குறி. 136ன்னா 2,240 கிலோ, 140ன்னா 2,500, 145ன்னா 2,900. நம்ம கணக்குல 140 சரியா 2,500ல நிக்குது, கையிருப்பே இல்ல. அதனால 145 எடுக்கணும். சில டயர்ல நேரா கிலோவிலயே அச்சடிச்சிருப்பாங்க, கூடவே அதுக்கு எவ்வளவு காத்துன்னும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு. ஏ8ன்னா மணிக்கு 40 கிலோமீட்டர், பி 50, டி 65. மரவள்ளிக் கிழங்கு ஏத்திக்கிட்டு சேலம் பக்கம் சேகோ ஆலைக்குத் தொப்பூர்க் கணவாயில இறங்கறவங்க இந்த எழுத்தைக் கண்டிப்பா பாக்கணும். ஏ8 டயரைப் போட்டுட்டு இறக்கத்துல வண்டியை விட்டு ஓட்டறது உயிரோட விளையாடறது.

சைஸ் ஒண்ணா இருந்தா போதும்னு நினைக்கறதுதான் பெரிய ஆபத்து. 9.00-16ன்னா 9 அங்குல அகலம், 16 அங்குல ரிம், அவ்வளவுதான். அதே சைஸுல பல பி.ஆர். (பிளை ரேட்டிங்) வரும். 16 பி.ஆர்.னா உள்ள 16 அடுக்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல, பலத்தோட அளவு அது. பழைய டயர்ல என்ன போட்டிருந்ததோ அதுக்குக் கம்மியா மட்டும் போயிடாதீங்க.

அப்புறம் வயசு. பக்கச் சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2319னா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. டிரெய்லர் டயர் பட்டன் தேஞ்சு சாகறதை விட வெயில்ல நின்னு சாகறதுதான் அதிகம். ஆலை நின்னதும் டிரெய்லரைக் களத்துல மாசக்கணக்கா நிக்க விட்டுடறாங்க. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கச் சுவர்ல முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அஞ்சு வருசம் தாண்டினா சீசன் ஆரம்பத்துல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. பத்து வருசம் ஆனா எப்படி இருந்தாலும் கழட்டிடுங்க. கடையில புதுசுன்னு குடுக்கறதோட எண்ணையும் பாத்து வாங்குங்க, அது உங்க உரிமை.

லாரியில ஓடிக் கழிச்ச டயரை, தேஞ்ச பட்டனைக் கத்தியால வெட்டிப் புதுசு மாதிரி காட்டி விக்கறவங்க இருக்காங்க. அந்தப் பள்ளத்துக்கு அடியில நூல் எட்டிப் பாக்கும். வேண்டவே வேண்டாம். தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டற ரீட்ரெட் எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், நல்ல உடல் உள்ள டயருக்கு நல்ல பட்டறையில போட்டா எரு அடிக்க, வைக்கோல் ஏத்தத் தாங்கும். கரும்பு லோடுக்கு நான் போட்டுத் தர மாட்டேன்.

வெடிச்ச டயரோட ஜோடி டயரும் அதே பாரத்தைச் சுமந்ததுதான். ஒரு ஆக்சில்ல ரெண்டையும் ஒரே சைஸ், ஒரே ரகமா மாத்துங்க. ரேடியல், நைலான்னு டயர்ல ரெண்டு ரகம் உண்டு, ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் இன்னொண்ணு கூடாது. காசு இடிச்சா, மிச்சமான பழையதுல நல்லதை ஸ்டெப்னிக்கு வச்சுக்கங்க.

புது டயருக்குப் பழைய டியூப் போடாதீங்க. ஓடி விரிஞ்ச டியூப் புது டயருக்குள்ள மடிஞ்சு உக்காரும், அந்த மடிப்புலயே தேஞ்சு ஓட்டை விழும். டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவுல போடற ஃபிளாப்பும் புதுசா இருக்கட்டும். ரிம்ல துரு இருந்தா சுரண்டிப் பெயிண்ட் அடிங்க. டயரைப் பிடிச்சு நிறுத்தத் தனி ரிங் வச்ச ரிம்முன்னா ரிங் சரியா உக்காந்திருக்கா பாத்து, சங்கிலி கட்டி, நேரெதிர்ல நிக்காம காத்தடிக்கணும். ரிங் பறந்தா ஆளைக் கொன்னுடும்.

காத்தை விடியக்காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க. கட்டையால தட்டிப் பாத்தா பத்துப் பவுண்டு காத்து குறையறது தெரியாது. ஓடி வந்த சூட்டுல மீட்டர் கூடத்தான் காட்டும், அதுக்காகத் திறந்து விடாதீங்க. முதல் லோடு இறக்கினதும் நட்டு எல்லாத்தையும் ஒரு தடவை முறுக்கிடுங்க, ரிம்முக்கு அடிச்ச பெயிண்ட் அமுங்கி கொஞ்சம் தளர்ந்திருக்கும்.