டிராகுலாவைத் தேதி பார்த்துப் படிப்பது எப்படி? திகில் நாவலுக்குப் புதியவர்களுக்கு

திகில் நாவல் படிக்க ஆசையாக இருக்கிறது, எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டிராகுலாதான். உடனே, அதுதான் தெரியுமே, கறுப்பு அங்கி, கோரைப்பல், வௌவால் என்பார்கள். அதெல்லாம் படத்தில் பார்த்தது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலைக் கையில் எடுத்தவர்கள் குறைவு. எடுத்தவர்களிலும் பலர் ஐந்தாம் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். ஏனென்றால் முதல் நான்கு அத்தியாயம் ஒரு கோட்டைக்குள் நம்மை மூச்சுமுட்ட வைத்துவிட்டு, ஐந்தாவதில் திடீரென்று இங்கிலாந்தில் இரண்டு தோழிகள் யார் யாரைக் கட்டிக்கொள்வது என்று கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மூடிவைத்துவிடத் தோன்றும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த நாவலில் ஆசிரியர் நேரடியாகக் கதை சொல்வதே இல்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துண்டு, கப்பல் பதிவேடு என்று எல்லாமே ஆவணங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் தேதி உண்டு. மே 3-இல் தொடங்கி நவம்பர் 6-இல் முடிகிறது. அந்தந்தத் தேதியில் எழுதப்பட்டதை அந்தந்தத் தேதியிலேயே படிப்பதுதான் வழி. நான் கண்டுபிடித்ததில்லை, உலகம் முழுக்கப் பலர் இப்படிப் படிக்கிறார்கள். புதியவர்களுக்கு இது ஏன் பொருத்தம் என்றால், திகில் கதையில் பேய் வரும் இடத்தைவிட அடுத்தது என்ன என்று காத்திருக்கும் இடம்தான் பயம். ஒரே மூச்சில் படித்தால் அந்தக் காத்திருப்பு கிடைக்காது.

முதல் படி: சரியான பிரதி

முழுப் பதிப்பு வேண்டும், 27 அத்தியாயமும் இருக்க வேண்டும். மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்புகளில் முதலில் வெட்டுவது தேதிகளையும் கடிதங்களையும்தான், அவை நமக்கு உதவாது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் சுமாராகத்தான் வரும் என்பவர்களும் தயங்க வேண்டாம், ஒரு நாளைக்குப் பெரும்பாலும் சில பக்கங்கள்தான். லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் ஒலி வடிவமும் உண்டு, படித்துக்கொண்டே கேட்டால் பாதி சிரமம் குறையும்.

பின்னுரை, ஆய்வுக் குறிப்பு எதையும் இப்போது தொடாதீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட வருடம் பழைய கதைதானே என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: தேதிப் பட்டியல்

இதற்கு ஒரு மாலை போதும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒவ்வொரு அத்தியாயமாகப் புரட்டித் தேதியையும் எழுதியவர் பெயரையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வரிகளைப் படிக்காதீர்கள், கண் தானாக ஓடும், அடக்கிக்கொள்ளுங்கள். பட்டியல் தயாரானதும் தேதி வரிசைப்படி அடுக்குங்கள்.

அடுக்கும்போது மூன்று இடத்தில் இடறும். ஒன்று, அந்த இரண்டு தோழிகளில் லூசி என்பவள் மினாவுக்கு எழுதும் முதல் கடிதத்தில் புதன்கிழமை என்று மட்டும்தான் இருக்கும். அதை மே 9-க்கும் 24-க்கும் நடுவில் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு, டெமீட்டர் என்ற கப்பலின் பதிவேடு. புத்தகத்தில் அது ஆகஸ்ட் செய்தித்தாள் துண்டுக்கு உள்ளே வரும், ஆனால் அதில் உள்ள தேதிகள் ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 4 வரை. அதைப் பிரித்து அந்தந்த நாளில் போடுங்கள், காரணம் கீழே வருகிறது. மூன்று, ஆகஸ்ட் 12 தேதியிட்ட ஒரு கடிதம். யார் எழுதியது, எங்கிருந்து என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மினா கைக்கு அது 19-ஆம் தேதிதான் வந்து சேர்கிறது, நீங்களும் 19-ஆம் தேதியே படியுங்கள். அவளுக்கு ஒரு வாரம் முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்த இடம் சப்பென்று போய்விடும்.

மே 3 தாண்டிவிட்டதே, அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். நீங்கள் தொடங்கும் நாளை மே 3 என்று வைத்துக்கொண்டு, நாட்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றாமல் காப்பாற்றுங்கள்.

மூன்றாம் படி: மே மாதம், கோட்டைக்குள்

ஜோனதன் ஹார்க்கர் ஓர் இளம் வழக்கறிஞர். டிரான்சில்வேனியாவில் (இன்றைய ருமேனியாவில் ஒரு பகுதி) இருக்கும் ஒரு பிரபு, அவர்தான் டிராகுலா, லண்டனில் வீடு வாங்குகிறார், அந்தப் பத்திர வேலைக்காகப் போகிறார். முதல் நாள் குறிப்பில் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு தாமதம், வழியில் சாப்பிட்ட மிளகாய்த்தூள் போட்ட கோழிக்கறி, அதன் பக்குவத்தைத் தான் கட்டிக்கொள்ளப்போகும் மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்ற ஞாபகக் குறிப்பு, இதெல்லாம்தான் இருக்கும். இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ரயில் நேரத்தைக் கூட இவ்வளவு கவனமாக எழுதும் ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று நாம் நம்ப ஆரம்பித்துவிடுகிறோம், பிறகு அவன் எதைச் சொன்னாலும் தப்ப முடியாது.

மே 8-ஆம் தேதிக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஜோனதன் சின்னக் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். தோளில் ஒரு கை விழுகிறது, பின்னால் பிரபு நிற்கிறார், ஆனால் கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிகிறது, அவர் மட்டும் இல்லை. லேசாக வெட்டுப்பட்டு முகவாயில் ரத்தம் கசிகிறது, அதைப் பார்த்ததும் பிரபுவின் முகம் மாறுகிறது, கழுத்துச் சிலுவை மணியில் கை பட்டதும் அடங்குகிறது. பிறகு கண்ணாடியை ஜன்னல் வழியே வீசி எறிந்துவிட்டு அவர் போய்விடுகிறார். இதற்கு அடுத்து ஜோனதன் என்ன எழுதுகிறார் தெரியுமா? இனிமேல் எப்படி மழிப்பது, சட்டைப்பை கடிகாரத்தின் மூடியிலோ மழிக்கும் கிண்ணத்தின் அடியிலோதான் முகம் பார்க்க வேண்டும், நல்லவேளை கிண்ணம் உலோகம், என்று சலித்துக்கொள்கிறார். எனக்கு மொத்த நாவலிலும் பிடித்த இடம் இது. அந்த வரியில் அலறல் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. மனம் பெரிய பயத்தைப் பார்க்க மறுத்துச் சின்ன எரிச்சலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை அந்த ஒரு வரியிலேயே ஸ்டோக்கர் காட்டிவிடுகிறார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடக்கும். ஜோனதன் தன் அறைக்குப் போய்ப் பார்த்தால் பிரபு தானே படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பிரபு படுக்கை தட்டிப் போடுவதில் என்ன பயம் என்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கோட்டையில் வேலைக்காரர் யாருமே இல்லை. அப்படியானால் ஓநாய்களைக் கையசைத்தே விரட்டி, இரவில் வண்டி ஓட்டி ஜோனதனை அழைத்துவந்த ஆள் யார்? இந்தக் கணக்கை நாமே போட வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

நான்காம் படி: நாட்காட்டியில் மூன்று வட்டம்

மே 19 அன்று பிரபு ஜோனதனை மூன்று கடிதம் எழுதச் சொல்கிறார், வேலை முடிந்துவிட்டது, கிளம்பிவிட்டேன் என்று ஊருக்கு. தேதி மட்டும் முன்கூட்டியே போட வேண்டும்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தனக்கு எவ்வளவு நாள் ஆயுள் என்பது இப்போது தெரிந்துவிட்டது என்று ஜோனதன் எழுதுகிறார்.

படித்த கையோடு எழுந்துபோய் வீட்டுக் காலண்டரில் அந்த மூன்று தேதியையும் வட்டமிடுங்கள். மே 31-க்குப் பிறகு ஜூன் 17 வரை அவரிடமிருந்து ஒரு வரி கூட வராது. இடையில் ஜூன் 5-இல் மட்டும் லண்டன் பக்கம் மனநலக் காப்பகம் நடத்தும் டாக்டர் செவர்ட், ரென்ஃபீல்ட் என்ற நோயாளி ஈ பிடித்துச் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லுவார். (இவர் நாட்குறிப்பை ஃபோனோகிராஃபில் பேசிப் பதிவு செய்கிறவர், அன்றைக்கு அது புதுமையான கருவி.) ஈ, பிறகு அந்த ஈயைப் போட்டுச் சிலந்தி, சிலந்தியைப் போட்டுச் சிட்டுக்குருவி, அதற்கப்புறம் ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்று கெஞ்சல். நீங்கள் ஆபீஸ் வேலையில் இருப்பீர்கள், ஜூன் 12 வரும், போகும். கோட்டையில் என்ன ஆனதோ என்று உங்கள் பாட்டில் யோசிப்பீர்கள். புத்தகத்தில் இது அடுத்த பத்தி, உங்களுக்கு இரண்டரை வாரம்.

ஐந்தாம் படி: ஜூலையில் இரண்டு பத்தி

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மினா, வலப்பக்கம் கப்பல்.

ஜூலை 24 அன்று மினா, இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு வந்து இறங்குகிறாள், லூசி ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போகிறாள், ஆறு, பள்ளத்தாக்கு, குன்றின் மேல் பழைய மடாலயம், எல்லாம் அழகு. அதே ஜூலை 24 அன்று வார்னா துறைமுகத்திலிருந்து மண் நிரப்பிய பெட்டிகளோடு விட்பிக்கு வந்துகொண்டிருக்கும் டெமீட்டரில், ஏற்கனவே ஒருவன் காணாமல் போன நிலையில் இன்னொரு மாலுமியும் காணவில்லை. பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். மினாவுக்குத் தெரியாது, கப்பல் தலைவனுக்கும் தெரியாது. அவள் கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அது நெருங்கிக்கொண்டே இருக்கிறது. அச்சிட்ட வரிசையில் ஆளில்லாத கப்பல் புயலில் கரைசேரும் மர்மம் கிடைக்கும், அதுவும் நல்ல விருந்துதான், ஆனால் தேதி வரிசையில் கிடைக்கும் இந்த நடுக்கம் அதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

ஸ்டோக்கர் 1890-இல் விட்பியில் தங்கியிருந்தார், டிராகுலா என்ற பெயரே அந்த ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அகப்பட்டதுதான். 1885-இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் அங்கே நிஜமாகவே கரைதட்டியிருக்கிறது. டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை, அதனால்தானோ என்னவோ கோட்டையைவிட விட்பி கண்முன் நிற்கிறது.

இங்கே ஸ்வேல்ஸ் என்றொரு கிழவர் வருவார், அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் வெளுத்துக்கட்டுவார். ஆங்கிலக்காரர்களே திணறும் இடம், அகராதியைத் தேடாதீர்கள். கடலில் போனவர்களுக்கு வைத்த கல்லறைகளில் உடலே கிடையாது, கல்வெட்டெல்லாம் பொய் என்கிறார், அவ்வளவுதான்.

ஆறாம் படி: சலிப்பான தாள்களைத் தாண்டாதீர்கள்

ஆகஸ்ட் 17-இல் ஒரு வியாபாரக் கடிதம் வரும், சரக்குப் பெட்டி ஐம்பதை எந்த வீட்டில் எங்கே இறக்க வேண்டும், சாவி யாரிடம் என்று ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதியது. புதியவர்கள் இதைத்தான் முதலில் புரட்டிவிடுவார்கள். ஐம்பது என்ற எண்ணை மட்டும் நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள், பிற்பாதிக் கதையே பெட்டி எண்ணுவதுதான்.

ஏழாம் படி: செப்டம்பருக்கு அப்புறம்

இங்கிருந்து வேகம் கூடும். ஒரே நாளில் நான்கு பேர் எழுதுவார்கள், அக்டோபர் 3 மட்டும் மூன்று அத்தியாயத்துக்கு நீளும், முடிந்தால் அன்று லீவு போடுங்கள். பின்தங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படியுங்கள், முன்னால் மட்டும் ஓடாதீர்கள்.

வேறொரு நோயாளிக்கு அடுத்தடுத்து வேறு வேறு ஆட்கள் ரத்தம் கொடுக்கும் காட்சிகளில், ரத்த வகை பார்க்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். லான்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி ரத்த வகைகளைக் கண்டறிந்தது 1901 வாக்கில்தான், அப்போது நாவல் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

வான் ஹெல்சிங் என்ற டச்சுப் பேராசிரியர் நீளமாகப் பேசுவார், இலக்கணம் தாறுமாறாக இருக்கும், மேலோட்டமாகப் போகலாம். செப்டம்பர் 30 அன்று ரத்தக்காட்டேரியின் விதிகளை அவர் வரிசைப்படுத்தும் பேச்சை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வீட்டார் யாராவது முதலில் அழைக்காமல் அது உள்ளே வர முடியாது, ஓடும் நீரை நினைத்த நேரத்தில் கடக்க முடியாது, பூண்டு ஆகாது. வெயில் பட்டால் எரிந்துபோகும் என்பது அதில் இருக்காது. அது 1922-இல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப்படம் சேர்த்தது. நாவலில் பிரபு பகலிலும் தெருவில் நடப்பார், சக்தி மட்டும் குறைந்திருக்கும். படத்தில் பார்த்ததை நம்பி, பகல்தானே என்று அசட்டையாக இருந்தால் சரியாக மாட்டிக்கொள்வீர்கள்.

இதே கட்டத்தில் மினா ஒரு காரியம் செய்வாள். எல்லோருடைய நாட்குறிப்பையும் வாங்கித் தட்டச்சு செய்து, தேதி வரிசையில் அடுக்குவாள். இதில் தேதிகள்தான் எல்லாம் என்றே சொல்வாள். மே மாதத்தில் நீங்கள் நோட்டில் போட்ட அதே பட்டியல்தான் அவர்களுக்கு ஆயுதம்.

நவம்பர் 6-க்குப் பிறகு ஒரு பக்கத்தில் சிறு குறிப்பு இருக்கும், அதற்குத் தனித் தேதி கிடையாது, அன்றே படித்துவிடலாம். பிடித்திருந்தால் அடுத்த முறை அச்சிட்ட வரிசையிலேயே, முதல் நான்கு அத்தியாயத்தை ஒரே இரவில் படித்துப் பாருங்கள். எந்த வரிசை அதிகம் பயமுறுத்தியது என்று கமெண்டில் சொல்லுங்கள், ஸ்வேல்ஸ் கிழவர் பேச்சு யாருக்காவது முழுசாகப் புரிந்திருந்தால் அதையும்.