குடிய விடணும்னு தோணுதா மக்கா, தனியா கெடந்து மல்லுக்கட்டாதீங்க

மொதல்ல ஒரு காரியம். தெனமும் காலைலயே கை நடுங்கி அத நிப்பாட்ட குடிக்கிற ஆளுன்னா நாளைக்கே டக்குனு நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாத ஆளு நிக்குற மாதிரி தெரியலாம், உயிரே போகலாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி ஒரு எடத்துல டாக்டர பாத்து எவ்ளோ குடிக்கேன்னு ஒளிக்காம சொல்லுங்க (நான் பாதியா கொறச்சு சொன்னேன், டாக்டர் என் கையப் பாத்துட்டு சிரிச்சாரு). வீட்டுல உள்ளவங்களும் கேளுங்க, சோத்துல தெரியாம குடிய நிறுத்துற மாத்திரை கலந்து குடுக்காதீங்க. அந்த மாத்திரைக்கு மேல அவரு குடிச்சா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும்.

அப்புறம் கூட்டம், குடிய விட்டவங்களும் விட நெனைக்கிறவங்களும் ஒண்ணா ஒக்காந்து பேசுறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏஏன்னு சொல்லுவாங்க, 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க பேசிப் பேசி தொடங்குனது. பீஸ் கெடையாது, குடிய விடணும்னு ஆசை இருந்தா போதும். பக்கத்துல எங்க நடக்குன்னு டாக்டர்ட்டயே கேளுங்க, இல்லன்னா போதைய விட உதவுற 14446-க்கு அடிங்க, காசு ஆகாது. ராத்திரி மனசு ஒரு மாதிரி ஆனா மனநல உதவிக்கு 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

நம்ம மாவட்டத்துல பெரிய பிரச்சனை யாராச்சும் பாத்துருவாங்களேங்கறதுதான், எட்டு பேர்ல ஒருத்தன் சொந்தக்காரனா இருப்பான். நான் கருங்கல்லேந்து ரெண்டு பஸ் மாறி நாகர்கோவில் போனேன், ஆளு தெரியாத எடம்னு நெனச்சு, உள்ள போனா நான் 800 ரூவா குடுக்கணும்னு ஒளிஞ்சு நடந்த ஆளு முன்வரிசைல இருக்காரு! அவரு கண்டுக்கவே இல்ல, தள்ளி ஒக்காந்து எடம் விட்டாரு. அங்க பாத்தது கேட்டது வெளிய போகக்கூடாது, அதான் வழக்கம். கூட்டத்துல ரெண்டு வகை உண்டு, ஒண்ணு குடிநோயாளிகளுக்கு மட்டும், இன்னொண்ணு திறந்த கூட்டம், அதுக்கு பொண்டாட்டியயும் கூட்டிட்டு போலாம். குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு தனியாவும் இருக்கு.

மொத நாளு பேசணும்னு இல்ல, சும்மா இருந்து கேளுங்க. ஒரே கூட்டத்துல முடிவு பண்ணாதீங்க, எனக்கு மொத கூட்டம் அறுவையாத்தான் இருந்துச்சு, நாலாவதுலதான் ஒருத்தர் பேசுனது அப்படியே எங்க வீட்டு கதை. அந்த மாதிரி ரொம்ப நாளா குடிக்காம இருக்கிற ஒருத்தர ஸ்பான்சரா, அதாவது கூட நின்னு வழிகாட்டுற ஆளா இருக்கச் சொல்லி கேளுங்க, நம்பர் வாங்குங்க. குடிச்சப்புறம் அழுதுட்டு போன் பண்றது எல்லாருக்கும் வரும், கடைக்கு போற வழில பண்றதுதான் கஷ்டம், அத பழகுங்க. கல்யாண வீடு, கோயில் கொடை, டிசம்பர்ல கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்மஸ், இதுக்கெல்லாம் போறதுக்கு முன்னாடியே ஒரு போன்.

நடுவுல ஒரு நாள் வழுக்கி குடிச்சுட்டா ஒளியாண்டாம், அடுத்த கூட்டத்துக்கே போங்க. நான் ரெண்டு தடவ அப்படி போயிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, கட்டஞ்சாயா ஊத்தி கைல தந்தாங்க.