சிறார் மாயக்கதையில் மந்திரத்துக்கு ஒரு விலை வையுங்கள்

நாயகிக்கு 12 வயது என்றால் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் 10 இருக்கும். பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களின் கதையைத்தான் விரும்புவார்கள். முதல் அத்தியாயத்திலேயே அவளிடம் ஒரு குறையைக் காட்டிவிடுங்கள்: பயம், பொய், பொறாமை, எதுவானாலும் சரி.

பலர் சறுக்கும் இடம் மந்திரம். விளக்கை ஊதினால் கதவு திறக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு ஊதலுக்கும் அவள் ஒரு நினைவை இழக்கட்டும். மூன்றாம் முறை அம்மாவின் குரல் மறந்துபோகும். நான்காவதாக ஊத உதடு குவித்துவிட்டுத் தயங்குகிறாளே, அங்கேதான் வளர்கிறாள். விலையில்லாத மந்திரம் எந்தச் சிக்கலையும் ஒரே வரியில் தீர்த்துவிடும். பிறகு கதை ஏது?

வழிகாட்டும் தாத்தாவைப் பாதியிலேயே கழற்றிவிடுங்கள். கடைசிப் பூட்டை அவர் திறந்தால் பயணம் அவருடையதாகிவிடும். அந்த உலகத்தின் வரலாற்றை (எழுதக் கை அரிக்கும்தான்) ஒரே இடத்தில் இரண்டு வரிக்கு மேல் கொட்டாதீர்கள்.