இயற்கை வேளாண்மை சொல்லித்தருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மானாவாரி வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் எங்களிடம் படித்தான். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழச் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஊருக்குப் போய் அப்படியே செய்தான். அதற்குப் பிறகு அவன் நிலத்தில் மழை இல்லை. மடக்கிய செடி மட்காமல் குச்சி குச்சியாக மண்ணுக்குள் கிடந்தது. இருந்த ஈரத்தையும் வளரும்போதே அந்தச் செடி குடித்துவிட்டது. அந்த வருஷம் அவனால் சோளம் விதைக்க முடியவில்லை. நாங்கள் அந்தப் பாடத்தை நடத்திய இடம் மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் நெல் வயல். சொன்னதைச் சொன்னபடி செய்தவன் மேல் என்ன குற்றம்? பிழை முழுக்க எங்களுடையது.

கற்றுத்தருகிறவர்கள் செய்வதில் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். நாம் நிற்கிற வயலுக்கான பக்குவத்தை எல்லா வயலுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மதுரை மாவட்டத்துக்குள்ளேயே பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் வட்டாரம் ஒருபோகம். உசிலம்பட்டிப் பக்கம் போனால் கிணறும் மானாவாரியும். பேரையூர், கள்ளிக்குடி பக்கம் கரிசல். கோவில்பட்டி மானாவாரி ஆய்வுப் பண்ணையில் 1960களில் வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்த வேலையை உதறியதற்குக் காரணமே, அங்கே நடந்த ஆய்வுகள் வானம் பார்த்த உழவருக்குப் பயன்படவில்லை என்பதுதான். அவர் பேரைச் சொல்லிப் பாடம் எடுக்கிற நாமும் அதே பிழையைச் செய்தால் என்ன நியாயம்?

இப்போதெல்லாம் முதல் நாள் பாடமே கிடையாது. வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நிலத்தை ஒரு தாளில் வரைய வேண்டும். மண் செவலா கரிசலா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வருஷத்தில் எத்தனை மாதம் இருக்கும், எந்தப் பக்கம் சரிவு, வீட்டில் மாடு உண்டா என்று குறிக்க வேண்டும். நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் தாங்கள் கூலிக்குப் போகிற நிலத்தை வரைவார்கள். பல சமயம் அந்தப் படம்தான் மற்றவற்றைவிடத் துல்லியமாக இருக்கிறது.

மாடு உண்டா என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. மண்ணுக்கு ஊட்டமாக ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசல் ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தயாரிக்க 10 கிலோ சாணம் வேண்டும், கோமியம் வேண்டும், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ வேண்டும். மாடு இல்லாத வீட்டில் அம்மா அடுத்த வீட்டில் சாணம் கேட்டு நிற்பார். அந்தச் சங்கடத்தை வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். மதுரை, சிவகங்கைச் சீமையில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். புலிக்குளம் மாட்டுக் கிடையோ ஆட்டுக் கிடையோ சில இரவுகள் தங்கினால் சாணமும் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழும். வண்டிக் கூலிகூட இல்லை. எந்த நிலத்தில் எத்தனை ராத்திரி கிடை போட வேண்டும் என்பது கிடையை நடத்தும் மேய்ப்பரான கீதாரிக்குத் தெரியும். அவரை ஒரு நாள் ஆசிரியராக அழைத்து உட்கார வைப்பதில் நமக்கு ஏன் தயக்கம்?

அடுத்து அளவு. பயிர் ஊக்கியான பஞ்சகவ்யம் தெளிக்க 3 சதம் போதும், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. ‘இயற்கைதானே, கூடப் போனால் என்ன’ என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. இயற்கையில் இருப்பதெல்லாம் சாது என்று பிள்ளைகள் நம்பிவிடுவது ஆபத்து. புகையிலைக் கரைசலில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், தேனீயையும் கொல்லும். வெறுங்கையால் அதைக் கலக்கும் பையனைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் வேறு மாதிரி. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் நேரம் மனதில் நிற்கும்.

மல்லிகை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் கேட்டதை நெஞ்சில் ஏந்திக்கொண்டு ஊருக்குப் போவார்கள். அங்கே அப்பா மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருப்பார். “விஷத்தை அடிக்காதீங்கப்பா” என்று மகள் சொல்ல, “பூ வித்த காசுலதான் நீ படிக்கிற” என்று அவர் சொல்ல, அன்று சாப்பாடு இறங்காது. இந்தச் சண்டைக்கு விதை போட்டவர்கள் நாம். மார்கழி, தை மாதங்களில் பூ குறைந்து விலை ஏறும். அந்தச் சமயம் ஒரு படிப் பூவைக்கூட இழக்க எந்த வீடும் துணியாது. ஆகவே தோட்டம் முழுவதையும் மாற்றச் சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அஞ்சு சென்ட், பத்து சென்ட் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கார்த்திகையில் கவாத்து முடிந்த கையோடு அந்தத் துண்டில் ஆரம்பிக்கலாம். புழு துளைத்த மொட்டைப் பறித்து அழிப்பது, உதிர்ந்த பூவைத் தூரில் கிடக்க விடாமல் கூட்டி எடுப்பது, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று ஒவ்வொன்றாகச் செய்து, பறித்த பூவைத் தனியாக எடைபோட்டு எழுதட்டும். இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் கேட்கும் வீட்டாரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். சான்றிதழுக்கு முன் கழிய வேண்டிய மாறுதல் காலம் நெல், பயறு போன்றவற்றுக்கு இரண்டு வருஷம், மல்லிகை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷம். முடிந்தால் ஆசிரியர் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் அப்பாவோடு டீ குடித்துவிட்டு வரலாம். பத்து வகுப்பில் ஆகாதது அந்த அரை மணி நேரத்தில் ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்கு வயல் தருகிற உழவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதமும் மாற வேண்டும். கிராமத் தங்கல் பயிற்சி என்று நாற்பது பேரை வேனில் கொண்டுபோய் இறக்குகிறோம். அன்று அவருக்கு நடவு இருக்கும், அல்லது வாய்க்கால் தண்ணீர் முறை வந்திருக்கும். வரப்பு மிதிபடும், வீட்டில் எல்லோருக்கும் மோர் கொடுப்பார்கள், நாம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அவருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுங்கள். எடுத்துப்போன மண்ணின் பரிசோதனை முடிவைத் திருப்பிக் கொண்டுபோய், அவருக்குப் புரியும்படி வாசித்துக் காட்டுங்கள். தேதியை அவர் சொல்லட்டும். களை எடுக்கும் பெண்களை ஓரமாக நிறுத்திவிட்டு நில உரிமையாளரிடம் மட்டும் பேசுவதும் கூடாது. எந்தக் களை எந்த மழைக்கு முளைக்கும், எதைப் பிடுங்கிக் கீரையாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. மாணவிகள் தங்கும் ஊரில் கழிப்பறை உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதும் ஆசிரியர் வேலைதான்.

பயிற்சிப் பண்ணையில் நன்றாக வந்த பாத்தியை மட்டும் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு முறை வைக்கோலை மட்கவிடாமல் சேற்றில் மடக்கி உடனே நட்டுவிட்டோம். நாற்று வெளிறி மஞ்சளாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பாத்தியைத் தவிர்த்துக் கூட்டிப்போனேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிச்சம் பிறகுதான் கிடைக்கும். இதைப் புரிய வைக்க அந்த மஞ்சள் பாத்தியைவிட நல்ல கரும்பலகை எது? விளையாத பாத்திக்கும் கணக்கு எழுத வேண்டும். கணக்கில் சொந்த உழைப்புக்கும் கூலி போட வேண்டும்.

பயிற்சி பங்குனியில் முடிகிறது. பிள்ளைகள் விதைப்பது ஆடியில். சந்தேகம் வருவது அதற்குப் பிறகு, நாம் அடுத்த அணியோடு மும்முரமாக இருக்கும்போது. ஆடியிலிருந்து கார்த்திகை வரையாவது போனை எடுக்க ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். இலையைப் படம் எடுத்து அனுப்புவார்கள், பெரும்பாலும் மேல்பக்கத்தை மட்டும். அதைப் பார்த்து உடனே கரைசல் பேர் சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம், ரொம்பத் தவறும்கூட. நான் முதலில் கேட்பது, “இலையைத் திருப்பிப் பாத்தியாப்பா? ஒரு செடியை வேரோட பிடுங்கிப் பாத்தியா?” என்பது. பார்த்துவிட்டு வரும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருப்பேன்.