லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லையா? பயாஸில் மாற்ற வேண்டியவை, வரிசையாக

பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பி, எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடம் வரைக்கும் வந்துவிட்டீர்கள், ஆனால் அங்கே உங்கள் எஸ்எஸ்டியைக் காணோம், பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. பயப்படாதீர்கள், டிஸ்க் கெட்டுப்போகவில்லை.

இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்களில் பல, ஒரே ஒரு டிஸ்க் இருந்தாலும், ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது ஆர்எஸ்டி (அதற்கான இன்டெல் மென்பொருள்) என்ற முறையில் வைக்கப்பட்டுத்தான் கடைக்கு வருகின்றன. 11ஆம் தலைமுறையிலிருந்து அதே இடத்தில் விஎம்டி என்ற பெயரைப் பார்ப்பீர்கள். இந்த முறையில் எஸ்எஸ்டி இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடும். விண்டோஸில் அதற்கான டிரைவர் இருக்கிறது, லினக்ஸ் நிறுவியோ பெரும்பாலும் டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றச் சொல்லும். அதை பயாஸில், அதாவது லேப்டாப்பை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகளில் மாற்ற வேண்டும். 2016-ல் லெனோவோவின் யோகா 900 வகை ஒன்றில் அப்படி மாற்றும் வசதியே பயாஸில் இல்லை. பயனர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் லினக்ஸுக்கென்று தனி பயாஸ் வந்தது.

சரி, மாற்றலாம். ஆனால் வரிசை முக்கியம். நான் முதல் தடவை பயாஸுக்குள் போய் நேராக ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டேன், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிட்டது, ஒரு நாள் முழுக்கப் போனது.

1. சாவியை எழுதி வையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இருந்தால், பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் பயனில்லை. அப்புறம் என்கிரிப்ஷனை நிறுத்திவிடுங்கள். போட்டோ, ஆவணம் எல்லாவற்றுக்கும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம். ஆப்டேன் மெமரி (டிஸ்க்கை வேகப்படுத்த இன்டெல் சேர்த்த நினைவகம்) உள்ள லேப்டாப்பாக இருந்தாலோ, இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து உண்மையிலேயே ரெய்ட் போட்டிருந்தாலோ, இதோடு நிறுத்திக்கொண்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

2. சேஃப் மோட். அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை இது. விண்டோஸ் தேடலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் என்பதை டிக் செய்யுங்கள். பின் எண் அங்கே வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும்.

3. பயாஸ். ரீஸ்டார்ட் செய்து, எஃப்2, எஃப்10, டெலீட் இவற்றில் உங்கள் லேப்டாப்புக்கு எதுவோ அதை அழுத்திக்கொண்டே இருங்கள். ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்ட் என்பதை ஏஹெச்சிஐ ஆக்குங்கள், அல்லது விஎம்டியை அணையுங்கள். சேமித்து வெளியே வந்ததும் விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும், தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் இருக்கும். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக நிற்பதில்லை, லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எதையும் எழுத முடியாது.

இப்போது பென் டிரைவிலிருந்து கிளப்பினால் டிஸ்க் தெரியும். உடனே நிறுவிவிடாமல், பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. செக்யூர் பூட். நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்பு இது. இதை அணைத்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் அது இருக்கும்போதே கிளம்பும். சில புது லேப்டாப்களில் மட்டும், 2022-ல் வந்த திங்க்பேட் இசட்13 போல, லினக்ஸ் கிளம்பத் தேவையான, மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் வசதி அணைந்திருக்கும், பயாஸில் அதை இயக்கினால் போதும். என்விடியா டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை சில நொடிகள் மட்டும் வரும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தி, என்ரோல் எம்ஓகே (டிரைவரின் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

6. நிறுவிய பிறகும் விண்டோஸே திறந்தால் பயாஸில் பூட் வரிசையைப் பார்த்து உபுண்டுவை மேலே கொண்டுவாருங்கள். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில், சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்று வைத்தால்தான் லினக்ஸின் பூட் கோப்பை நம்பகமானதாகச் சேர்க்கும் வசதி திறக்கும்.

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடானால் அதுவும் பெரும்பாலும் பயாஸ் விஷயம்தான். 2018-ல் ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் பழைய எஸ்3 உறக்கம் (நினைவகம் தவிர பெரும்பாலானவற்றை அணைத்துவிடும் முறை) இல்லாமலே வந்தது, பிறகு ஒரு பயாஸ் அப்டேட்டில் லினக்ஸ் என்ற பெயரிலேயே அந்தத் தேர்வைச் சேர்த்தார்கள். அதனால் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். டெல், ஹெச்பி, லெனோவோ லேப்டாப்கள் பலவற்றுக்கு அது உபுண்டுவிலேயே ஃபர்ம்வேர் அப்டேட்டர் என்ற செயலியில் வந்துவிடும். சார்ஜரைச் செருகிவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள், முடியும்வரை அணைக்காதீர்கள்.